போதும் என்று சொல்லும்வரை

யார்க் நகரத்தில் எங்கே சாப்பிடலாம் என்று யாராவது கேட்டால் நான் முதலில் அவர்கள் காலைத்தான் பார்ப்பேன். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தால் ஹில்டா அம்பிள்பியின் வீட்டுக்கு வழி சொல்வேன். மெல்லிய தோல் செருப்பு போட்டிருந்தால் பெரிய தேவாலயத்துக்கு எதிரே இருக்கும் தேநீர்க் கடைகளுக்கு அனுப்பிவிடுவேன். அங்கே கேக்கின் மேல் ரோஜாப்பூ வரைந்து தருவார்கள். பூவைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். பசி அப்படியே இருக்கும்.

ஹில்டாவின் வீடு ஆற்றுக்கு இறங்கும் சந்தின் கடைசி வீடு. ஊஸ் ஆறு வருஷத்துக்கு ஒரு தடவையாவது சம்பந்தி வீட்டார் மாதிரி சொல்லாமல் கொள்ளாமல் அங்கே வந்து, ஒரு வாரம் தங்கி, சேற்றை வைத்துவிட்டுப் போகும். அதனால் கீழ்த்தளத்தில் தரைவிரிப்பு கிடையாது, வெறும் கல் தரை. விளக்குப் பொத்தான்கள் தோள் உயரத்தில் இருக்கும். ஹில்டா அந்த வீட்டு மாடியில் பிறந்ததே ஒரு வெள்ளத்தின்போதுதான். மருத்துவச்சி படகில் வந்து ஜன்னல் வழியாக ஏறினாள். அவள் பின்னாலேயே ஒரு விலாங்கு மீனும் ஏறி வந்ததாகவும், பிள்ளை அழுத அழுகையில் அது பயந்துபோய்த் திரும்பக் குதித்துவிட்டதாகவும் சொல்வார்கள். சொல்வார்கள் என்ன, நான்தான் சொல்வேன். அப்போது நான் அங்கே இல்லை. ஆனால் ஹில்டாவின் குரலைக் கேட்ட யாரும் இதுவரை மறுத்ததில்லை.

அவளுடைய அத்தை அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தாள். அத்தைக்குப் பிறகு கரண்டி ஹில்டாவின் கைக்கு வந்தது. கணவன் ஸ்டான்லி ரயில் பெட்டிகள் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவன், நல்லவன், சீக்கிரம் போய்விட்டான். அவன்தான் தேனிலவுக்கு அவளை லண்டனுக்கு அழைத்துப்போய் ஒரு பெரிய உணவுவிடுதியில் உட்கார வைத்தவன். பரிமாறுகிறவர் கொண்டுவந்த தட்டில் யார்க்‌ஷயர் புட்டிங்கும் மாட்டுக்கறியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஹில்டா தட்டையே பார்த்தாள்.

“ஏன் தம்பி, இதுக்கு எது முதல்ல, எது அப்புறம்?”

“எல்லாம் சேர்த்துத்தான் சாப்பிடணும், மேடம்.”

ஹில்டா எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் வெளியில் எங்கும் சாப்பிட்டதில்லை.

எங்கள் சீமையில் புட்டிங் தனியாகத்தான் வரும், முதலில் வரும், வெங்காயக் குழம்பு ஊற்றி வரும். இனிப்பு என்று நினைத்துவிட வேண்டாம். மாவு, முட்டை, பால், உப்பு, அவ்வளவுதான். புட்டிங்கில் வயிறு பாதி நிறைந்துவிட்டால் கறி கொஞ்சம் இருந்தாலும் எல்லோருக்கும் வரும். கையில் காசில்லாத வீடுகளில் பிறந்த வழக்கம் அது. காசு வந்த பிறகும் யாரும் அதை விடவில்லை.

ஹில்டாவின் புட்டிங்கைப் பற்றி நான் என்ன சொல்ல? தகரத் தட்டில் மாட்டுக் கொழுப்பு நீலமாகப் புகைகிறவரை காய வேண்டும். அதில் குளிர்ந்த மாவை ஊற்றி அடுப்புப் பொந்தில் வைத்து இரும்புக் கதவைச் சாத்திவிடுவாள். அதற்குமேல் அந்தக் கதவை யாரும் தொடக் கூடாது. தெருக்கதவைக்கூட அறையக் கூடாது. கொஞ்சம் குளிர்காற்று பட்டாலும் மாவு படுத்துவிடும், பிறகு எழாது. கதவு திறக்கும்போதோ! பொன்னிறத்தில் கோட்டைச் சுவர் மாதிரி விளிம்புகள் எழுந்து, நடுவில் ஒரு பள்ளத்தாக்கு. ஒருமுறை லீட்ஸிலிருந்து வந்த ஒருவர் தொப்பியை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பினார், தொப்பியைக் காணோம். புட்டிங்கின் பாதியைச் சாப்பிட்ட பிறகுதான் அதன் பின்னால் இருந்தது தெரிந்தது.

இனி அந்த வீட்டின் நிபந்தனையைச் சொல்லியாக வேண்டும். வீடு ஹில்டாவுடையது அல்ல. நாலைந்து நூற்றாண்டுக்கு முன்னால் கம்பளி வியாபாரி ஒருவர் ஞாயிற்றுக்கிழமை பசியோடு ஊர் ஊராக வந்து, ஒரு கதவும் திறக்காமல், தன் வீட்டு வாசலில் விழுந்து இறந்தாராம். அவருடைய விதவை இந்த வீட்டை ஓர் அறக்கட்டளைக்கு எழுதிவைத்தாள். ஞாயிறு மதியம் ஒரு மணிக்கு இங்கே கதவைத் தட்டுகிறவருக்குச் சூடாகச் சாப்பாடு போட வேண்டும். முடிந்தவர் காசு கொடுக்கலாம், முடியாதவர் சும்மா போகலாம். வந்தவர் தம் வாயால் ‘போதும்’ என்று சொல்லும்வரை, கேட்டதை இல்லை என்று சொல்லக் கூடாது. சமைத்துப் போடுகிறவர் இந்த வீட்டிலேயே குடியிருக்கலாம். ஒரே ஒரு ஞாயிறு தவறினாலும் வீடு அறக்கட்டளைக்குத் திரும்பிவிடும்.

சண்டைக் காலத்தில் தலைக்குமேல் விமானம் உறுமியபோதும் தவறவில்லை. ஆனால் அறக்கட்டளையில் புதிதாக வந்த கனவான்களுக்கு ஆற்றங்கரையில் ஒரு ஹோட்டல் கட்டும் ஆசை வந்துவிட்டது. அவர்கள் ஹில்டாவை ஒன்றும் சொல்லவில்லை. ஆற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஜனவரியில் மலைப்பக்கம் பனி உருகியது, அதன் மேல் மழையும் பெய்தது. வெள்ளிக்கிழமை ஆறு படித்துறையைத் தாண்டியது. சனிக்கிழமை நாங்கள் வழக்கமாகச் சாப்பிட வருகிறவர்கள் எல்லோரும் சேர்ந்து மேசை நாற்காலிகளை மாடிக்கு ஏற்றினோம். ஞாயிறு காலை நான் படகில் வந்து, ஏணி போட்டு ஏறி, மாடி ஜன்னல் வழியாக இறங்கியபோது ஹில்டா கீழே சமையலறையில், ஸ்டான்லியின் மீன்பிடிக்கிற நெடும் ரப்பர் காலுறைகளைப் போட்டுக்கொண்டு, தொடையளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள்.

“பாதாள அறை முழுகிப் போச்சு,” என்றாள். “நிலக்கரி பூரா தண்ணிக்குள்ள. அடுப்புக்குப் பின்னால இருந்த இந்த ஒரு வாளிதான் காய்ஞ்சு கிடக்கு.”

என்னைப் படகில் கொண்டுவந்தவர் வால்டர் டின்ஸ்டேல். கோடையில் சுற்றுலாக்காரர்களை ஏற்றி ஆற்றில் வலம் வருகிறவர், எழுபது வயது, ஹில்டாவின் மேல் இருபது வருஷமாகக் கண். படிக்கட்டில் நின்று எட்டிப் பார்த்தார்.

“என் துடுப்பை ஒடச்சுப் போடவா ஹில்டா? உனக்காக எதையும் ஒடப்பேன்.”

“ஈரத் துடுப்பை வச்சா வெறும் புகைதான் வரும். உன் பேச்சு மாதிரி.”

“சரி, ஒரு வாளிக்கு என்ன வேகும்?” என்று நான் கேட்டேன்.

ஹில்டா படிக்கட்டில் ஏறி வந்து, துணியில் சுற்றியிருந்த மாட்டுக்கறித் துண்டை என் கையில் கொடுத்தாள். ஒரு குழந்தையின் கனம் இருந்தது.

“இது வேகாது,” என்றாள். “இதுக்கு மூணு வாளி வேணும். போன வாரத்துக் கொழுப்பு சட்டியில இருக்கு. அதை வச்சுப் புட்டிங் போடலாம், குழம்பு வைக்கலாம். மாவு எழும்புற வரைக்கும் நெருப்பு தாங்கும்.”

“யாராவது கறி கேட்டா?”

“நம்ம ஆளுங்க கேக்க மாட்டாங்க.”

அது உண்மைதான். அந்த மாடியில் கூடியிருந்தவர்கள் ஒவ்வொருவரும் சாதாரண ஞாயிற்றில் ஒரு கன்றுக்குட்டியை முழுசாகச் சாப்பிடக்கூடியவர்கள். ஆனால் இன்றைக்கு நாக்கை வெட்டினாலும் கேட்கமாட்டார்கள். கறித் துண்டைக் குளியலறைத் தொட்டியில் ஈரத்துணி போட்டு மூடி வைத்தோம்.

அப்போதுதான் ஜன்னலுக்குக் கீழே இன்னொரு படகு வந்து மோதியது. அதிலிருந்து ஏணி வழியாக முதலில் ஒரு குடை உள்ளே வந்தது. பிறகு ஒரு வட்டத் தொப்பி. பிறகு நாற்பது வயதுக்குக் கொஞ்சம் மேலே மதிக்கத்தக்க ஒரு மெலிந்த மனிதர்.

“வணக்கம். என் பெயர் லயனல் கிரேவ்ஸ். அறக்கட்டளை அலுவலகத்திலிருந்து வருகிறேன். இங்கு இன்று மதிய உணவு உண்டு அல்லவா?”

வானொலியில் செய்தி வாசிப்பது மாதிரிப் பேசினார். எல்லோருக்கும் புரிந்துவிட்டது. இந்த மனிதர் ‘கறி’ என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். ஹில்டா பிறந்த வீடு ஹோட்டலாகிவிடும்.

“உண்டு,” என்றாள் ஹில்டா, படிக்கட்டில் பாதி உடம்பு தண்ணீரில் நின்றபடியே. “ஒரு மணிக்கு. உக்காருங்க.”

அவள் கீழே இறங்கிப் போனதும் வால்டர் என் காதில், “லண்டன் பக்கத்துத் தெற்கத்தி ஆளு. புட்டிங்கைப் பார்த்துட்டு இதுக்குத் தொட்டுக்க என்னன்னு கேப்பான் பாரு. நாம தொலைஞ்சோம்,” என்றார்.

அடுத்து நடந்ததை நான் படிக்கட்டின் நடுவில் உட்கார்ந்து பார்த்தேன். இன்றுவரை அதை நினைத்தால் எனக்குப் பேச்சு அடங்கிப்போகும். என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

அந்த இரும்பு அடுப்பு ஒரு கல் மேடைமேல் நிற்கிறது. நெருப்பு வாய்க்கும் தண்ணீருக்கும் நடுவே இரண்டு செங்கல் உயரம்தான் மிச்சம். ஹில்டா அந்த ஒரு வாளியையும் உள்ளே கொட்டினாள். கொழுப்பு நீலமாகப் புகைந்தது. மாவை ஊற்றினாள். கதவைச் சாத்தினாள். சாத்திவிட்டு, தண்ணீரின் அலை அடுப்பில் மோதாதபடி அதற்கு முன்னால் காலை அகட்டி, இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். அசையவில்லை. மாடியில் ஒருவரும் அசையவில்லை. வால்டருக்குத் தும்மல் வந்தது. தொப்பியை வாய்க்குள் திணித்துக்கொண்டார். சமையலறை ஜன்னலுக்குள் ஒரு அன்னப்பறவை நீந்தி வந்து, அவளைப் பார்த்து, மரியாதையாகத் திரும்பிப் போனது.

தண்ணீர் முதல் செங்கல்லை மூடியது. பழுப்பு நிறத்தில், சத்தமில்லாமல், ஒரு பெரிய மிருகம் மூச்சுவிடுவதுபோல ஏறி இறங்கியது. இரண்டாவது செங்கல்லின் பாதி. எங்கள் ஊரை ரோமாபுரிக்காரர்கள் ஆண்டார்கள், வைக்கிங்குகள் ஆண்டார்கள், எல்லோரையும் இந்த ஆறு கரையேறி வந்து பார்த்திருக்கிறது. அது அவள் இடுப்பைச் சுற்றிக்கொண்டு நின்றது. ஹில்டா குனிந்து அதைப் பார்த்தாள். சாப்பாட்டுக்கு முண்டியடிக்கும் ஆளிடம் பேசுகிற அதே குரலில் சொன்னாள்:

“வரிசையில நில்லு. உனக்கு முன்னாடி ஆளு இருக்கு.”

தண்ணீர் நின்றது என்று நான் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். நின்றது.

பெரிய தேவாலயத்தில் மணி ஒன்று அடித்தது. ஹில்டா கதவைத் திறந்தாள். அந்த இருட்டுச் சமையலறையில், பழுப்புத் தண்ணீருக்குமேல், உள்ளேயிருந்து பொன் வெளிச்சம் வழிந்தது. அவ்வளவு உயரமாக அவள் புட்டிங் எழுந்து நான் பார்த்ததில்லை. பொந்தின் கூரையைத் தொட்டு, இடம் போதாமல், கதவை நோக்கி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. தட்டுகளைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு அவள் படியில் காலை வைத்ததும் பின்னால் ‘புஸ்’ என்று ஒரு சத்தம். அடுப்பு அணைந்தது. ஆறு தன் முறை வந்ததும் நெருப்பைச் சாப்பிட்டுவிட்டது.

மேலே வந்து, முதல் புட்டிங்கைக் கிரேவ்ஸின் முன்னால் வைத்துக் குழம்பை ஊற்றினாள். அவர் கத்தியையும் முள்கரண்டியையும் கையில் எடுத்தவர் கொஞ்ச நேரம் அப்படியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு துண்டு வெட்டி வாயில் வைத்தார். முழுதும் தின்றார். ஹில்டா கேட்காமலே இரண்டாவதை வைத்தாள். அதையும் தின்றார். எங்கள் ஆட்கள் நாடகத்தை ஆரம்பித்தார்கள்.

“அப்பாடா! இதுக்கு மேல என்னால ஆகாதப்பா,” என்று வால்டர் இடுப்பு வாரைத் தளர்த்தினார். “எனக்கு எதையும் காட்டாத ஹில்டா. கறியோட வாசனை பட்டாக்கூட வெடிச்சிருவேன்.”

“நேத்துக்கூட என்னமோ முழு ஆட்டுக்கால் தின்னேன்னு சொன்னீரு?” என்றார் பக்கத்தில் இருந்தவர்.

“அது வேற வயிறு.”

கிரேவ்ஸ் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். “கை கழுவ வேண்டும். குளியலறை எங்கே இருக்கிறது?”

நான் குளியலறைக் கதவுக்கு முன்னால் போய் நின்றேன். அந்த வேலைதான் எனக்கு ஒதுக்கியிருந்தார்கள். வாழ்க்கை முழுக்கப் பொய் சொல்லிப் பழகியவள் நான். அந்த நேரம் பார்த்து வாயில் வந்தது இதுதான்:

“உள்ள போகாதீங்க. பூனை குட்டி போட்டிருக்கு.”

“எனக்குப் பூனைகள் மிகவும் பிடிக்கும்,” என்று சொல்லி என்னை நாசூக்காக விலக்கிவிட்டு உள்ளே போனார்.

அவர் உள்ளே இருந்த நேரத்தில் ஹில்டாவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அவள் ஜன்னல் சட்டத்தில் இருந்த ஒரு பழைய கீறலைத் தடவிக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் அவள் உயரத்தை அளந்து அத்தை போட்ட கீறல் அது.

கிரேவ்ஸ் திரும்பி வந்து உட்கார்ந்தார். கைக்குட்டையை மடியில் விரித்தார்.

“பூனை நலமாக இருக்கிறது,” என்றார். “நல்ல கொழுத்த பூனை. துணி போர்த்திப் படுத்திருக்கிறது.”

வால்டரின் இடுப்பு வார் கீழே விழுந்து கொக்கி தரையில் அடித்தது.

“இன்னொரு புட்டிங் கிடைக்குமா?” என்று கேட்டார் கிரேவ்ஸ்.

ஹில்டா மூன்றாவதை வைத்தாள். அவர் அவசரமில்லாமல், விளிம்பிலிருந்து ஆரம்பித்து, பள்ளத்தில் தேங்கிய குழம்பைத் துடைத்துத் துடைத்துச் சாப்பிட்டார். தட்டு காலியானது. கத்தியையும் முள்கரண்டியையும் சேர்த்து வைத்தார்.

ஹில்டா பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிக்கு வந்தவரைக் கேட்காமல் விடுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. நிமிர்ந்து நின்று, ரப்பர் காலுறையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, அவர் கண்ணைப் பார்த்துக் கேட்டாள்.

“கறி வெட்டட்டுமா?”

அவர் தலையை நிமிர்த்தினார். வானொலிக் குரல் எங்கே போனதோ. எங்கள் சீமையின் பிராட்ஃபோர்டு ஆலைத் தெருவிலிருந்து நேராக எழுந்து வந்த குரலில் சொன்னார்:

“வேணாம்மா. போதும். வயிறு ரொம்பிருச்சு.”

ஹில்டா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அன்று காலையிலிருந்து முதல்முறையாக.

திரும்பும்போது அவரும் நானும் வால்டரின் படகில் வந்தோம். கூரைகளுக்கு நடுவே தெரு முழுக்க வானம் கிடந்தது. வால்டரால் வாயை அடக்க முடியவில்லை.

“ஏய்யா, தெற்கத்தி ஆளுன்னு நெனச்சோம். நீ நம்ம பக்கமா?”

“பிராட்ஃபோர்டு. இந்த வேலைக்காகப் பேச்சை மாத்திக்கிட்டேன்.” குடையை முழங்காலில் குத்தி நிறுத்திக்கொண்டு தண்ணீரைப் பார்த்தார். “எங்க வீட்ல ஏழு புள்ளைங்க. ஞாயித்துக்கெழம எங்கம்மா புட்டிங் போட்டுக் குழம்பு ஊத்துவா. முடிஞ்சதும் இதே மாதிரி நின்னுட்டு, கறி வேணுமான்னு கேப்பா. அடுப்புல ஒண்ணும் இருக்காது. எங்களுக்குத் தெரியும். ஏழு பேரும் ‘வயிறு ரொம்பிருச்சும்மா’ன்னு சொல்லுவோம். கடைக்குட்டிக்குக்கூடத் தெரியும் என்ன சொல்லணும்னு.”

வால்டர் துடுப்பை இழுக்க மறந்துவிட்டார். படகு கொஞ்ச தூரம் தானாகவே போனது.

“ஆபீஸ்ல என்ன சொல்லுவ?” என்று கேட்டேன்.

“சூடாப் போட்டாங்க, போதும்னு சொன்னேன்னு சொல்லுவேன். ரெண்டும் நெசந்தானே.”

ஆறு இறங்கியது. சேற்றை வழித்தோம், சுவரைத் தேய்த்தோம், அடுப்பைக் காயவைத்தோம். வால்டர் தன் பங்குக்கு நிலக்கரியை மாடிப் படுக்கையறைக்கே தூக்கிப்போய்க் குவித்துவைத்து நன்றாகத் திட்டு வாங்கினார். அடுத்த ஞாயிறு கீழ்த்தளத்திலேயே மேசை போட்டோம். ஒரு மணி அடித்ததும் கதவு தட்டப்பட்டது. குடை இல்லை, தொப்பி இல்லை. கிரேவ்ஸ் மேசைக் கோடியில் வந்து உட்கார்ந்தார்.

புட்டிங் வந்தது, சாப்பிட்டார். பிறகு ஹில்டா மாட்டுக்கறியை வெளியே கொண்டுவந்தாள். கருஞ்சிவப்பாக வெந்து, கொழுப்பு மினுமினுத்துக்கொண்டு, அறை முழுக்க வாசனை. முதல் வெட்டு, மொறுமொறுப்பான அந்த வெளித்துண்டு, இருபது வருஷமாக வால்டருக்குத்தான் போகும். அன்றைக்கு அவள் அதை எடுத்து வால்டரின் தட்டைத் தாண்டிக்கொண்டு போய்க் கிரேவ்ஸின் தட்டில் வைத்தாள். வால்டர் வாயைத் திறந்தார், என் முழங்கை பட்டு மூடிக்கொண்டார்.

கிரேவ்ஸ் தின்றார். ஹில்டா அடுத்த துண்டை வைத்தாள். பிறகு இன்னொன்று. கத்தியைக் கையில் பிடித்தபடி பக்கத்திலேயே நின்றாள்.

“போதுமா கண்ணு?”

அவர் வாய் நிறைய இருந்தது. மென்று விழுங்கிவிட்டு, தட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

“இன்னும் இல்லம்மா.”